இரும்புக் கம்பி ஆடாது

பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டான் பிடிக்கப் போவார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிடிப்பதெல்லாம் கேமராவில்தான். ஆனாலும் கழுத்தில் பெரிய லென்ஸும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் தலையில் உருக்குலைந்த தொப்பியுமாக அவர் கிளம்புவதைப் பார்த்தால், புலி வேட்டைக்குப் போகிறவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். பின்னாலேயே அவர் மனைவி, ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலும் மறு கையில் மடக்கு நாற்காலியுமாகப் போவாள். அவளுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. ஆனால் அவளுடையது வேறு வகை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிறவள். காலையிலிருந்து மாலைவரை முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம், கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இப்போ? இப்போ?" என்று கேட்டுக் கேட்டு, உலகத்தில் தெளிவு, மங்கல் என்று இரண்டே வகைதான் உண்டு என்ற முடிவுக்கு வந்துவிட்டவள். அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம். எடுப்பது அவர் வேலை, கழிப்பது அவள் வேலை. குளக்கரையில் கேமராத் திரையில் படத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த தட்டான் போய்விடும். இது அவள் போட்ட சட்டம். சாயங்காலம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். தட்டானின் கண் கூர்மையாக விழுந்திருந்தால் படம் தங்கும். இல்லையென்றால், சிறகு எவ்வளவு அழகாக மின்னினாலும் சரி, குப்பைத்தொட்டிதான். இரண்டாவது பார்வை கிடையாது.

"கொஞ்சம் நிதானமாப் பார்த்துட்டுத் தூக்கிப் போடேன்," என்பார் டாக்டர், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே. "முட்டியெல்லாம் சேறாகி எடுத்தது."

"உங்க முட்டியை யாரும் பார்க்கப் போறதில்ல. கண்ணுதான் முக்கியம்," என்பாள் அவள். பட்டனைத் தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர்கள் போகிற குளம் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. எப்போதோ யாரோ பாலம் கட்டத் தொடங்கிப் பாதியில் கைகழுவிவிட்டுப் போனதில், கரையை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு சிமெண்டுத் தூண் மட்டும் மொட்டையாக நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்புக் கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியின் நுனிதான் இன்ஸ்பெக்டரின் ஆசனம்.

இன்ஸ்பெக்டர் என்பவர் தலை முதல் வால்வரை மிளகாய்ப்பழச் சிவப்பில் இருக்கும் ஆண் தட்டான். அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் தன் எல்லை என்பது அவர் எண்ணம். இன்னொரு சிவப்பன் எட்டிப் பார்த்தால் போதும், விருட்டென்று எழும்பி, குளத்தின் மறுகோடிவரை விரட்டிவிட்டு, மறுபடி அதே கம்பியின் அதே நுனியில் வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால் அவரைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நம் நிழல் அவர் மேல் விழாதபடி ஓரிடத்தில் உட்கார்ந்து, கேமராவைக் கம்பி நுனிக்குக் குறிவைத்துக் காத்திருந்தால் போதும், வந்துவிடுவார். தட்டானுக்கு ஆயுசு கொஞ்சம். ஒரு இன்ஸ்பெக்டர் போனால் இன்னொருவர் வருவார். பதவி மட்டும் காலியாக இருந்ததில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மைக்கின் கடைவாய்ப்பல் வந்து புகுந்தது.

மைக் அவளுடைய தம்பி. பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவன். எந்தப் பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை காணாமல் போய் அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது எல்லாம் ஊருக்கு அவன் குரலில்தான் தெரியும். வெண்ணெய்யில் கத்தி இறங்குகிற மாதிரிக் குரல். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொனி போகாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறையில் சோப்புத் தீர்ந்துவிட்டது," என்று உள்ளேயிருந்து அறிவிப்பான். சின்ன வயதிலிருந்தே மைக் என்று பெயர் ஒட்டிக்கொண்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோயிருக்கும்.

அவனுக்குக் கீழ்த்தாடையில் கடைசிப் பல், நேராக முளைக்காமல் சாய்ந்து படுத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கி வலி உயிரை எடுத்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்லின் வேரை உரசிக்கொண்டு ஒரு நரம்பு ஓடியது.

"இதுதான் கீழ் உதட்டுக்குப் போற நரம்பு. பல்லை எடுக்கும்போது இதுல பட்டுட்டா உதடு மரத்துப் போயிடும். சிலருக்குக் கொஞ்ச நாள்ல சரியாகும். சிலருக்கு ஆகாது."

மைக்குக்கு முகம் வெளிறிவிட்டது. உதடு மரத்துப்போன அறிவிப்பாளன் எந்த ஊரிலாவது உண்டா? பஸ் என்பதையே அவனால் சொல்ல முடியாமல் போகுமே!

"நீங்கதான் எடுக்கணும் மாமா," என்றான் உடனே. "வேற யார் கையையும் என் வாய்க்குள்ள விடமாட்டேன். ஊருக்கே வாயைத் திறக்கிறவன்தான் நான். ஆனா டாக்டர்னு வந்தா உங்களுக்கு மட்டும்தான்."

டாக்டர் கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வீக்கம் வடியட்டும். திங்கக்கிழமை வா," என்றார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் மைக் அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, இன்ஸ்பெக்டர் போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பேன். போன்ல வச்சுக்கிறேன். நாற்காலியில சாய்ஞ்சு படுத்துக்கிட்டு அதையே பார்த்தா தைரியம் வரும்."

"பல்லு பிடுங்குறதுக்குப் போலீஸ் பாதுகாப்பாடா?" என்று அவள் சிரித்தாள்.

டாக்டர் இன்னும் கிளினிக்கிலிருந்து வரவில்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தேறிய படங்களில் இன்ஸ்பெக்டரைத் தேடினாள். பழைய இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். வாலைத் தூக்கி வெயிலை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறவர், சிறகை முன்னால் மடித்துக்கொண்டு ஓய்வெடுக்கிறவர், தலையைச் சாய்த்துக் கேமராவையே முறைக்கிறவர் என்று பலர். ஆனால் இப்போது பதவியில் இருக்கிறவரைக் காணோம். அவருக்கு முந்தையவரும் இல்லை. வாராவாரம் போகிறோம், வாராவாரம் கம்பிக்கு முன்னால் உட்காருகிறோம், ஒரு படம்கூடவா தேறவில்லை?

எல்லாம் குப்பைத்தொட்டியில் இருக்கும். அவள்தானே போட்டாள்! ஒன்றாவது சுமாராக இருக்காதா என்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தான் தூக்கிப் போட்டதை அவள் திறந்து பார்த்தாள்.

தனித்தனியாகத் தட்டிவிட்டபோது தெரியாதது, வரிசையாகப் பார்த்தபோது தெரிந்தது. இன்ஸ்பெக்டர் மங்கலாக இருந்தார். அதில் அதிசயமில்லை. அவர் சிறகடித்திருக்கலாம், தலையைத் திருப்பியிருக்கலாம். தட்டான் அசைந்தால் தட்டான் மட்டும் கலைந்திருக்கும், உட்கார்ந்த இடம் பளிச்சென்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. அவர் உட்கார்ந்திருந்த கம்பியும் கலைந்திருந்தது. ஒரு கம்பி இரண்டாகத் தெரிந்தது. துரு பிடித்த பொருக்குகூட இரண்டிரண்டாகத் தெரிந்தது. அடுத்த படத்திலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும். "காத்து ஜாஸ்தி," என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் அவளும் தலையாட்டியிருக்கிறாள். புல் என்றால் காற்றில் ஆடும். சிமெண்டில் புதைந்த இரும்புக் கம்பி எந்தக் காற்றுக்கு ஆடும்?

முதலில் லென்ஸ் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்ன, லென்ஸாக இருக்க வேண்டுமே என்று ஆசை வந்தது. அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து, நின்றபடியே ஜன்னல் கம்பியைப் படமெடுத்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பியில் ஊர்ந்த எறும்பின் கால் தெரிந்தது. லென்ஸ் குண்டுக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பிளேடால் சவரம் செய்துகொண்டிருந்த மனுஷன், நேரம் மிச்சமாகிறது என்று மின்சார ரேசர் வாங்கியது. கப்பும் சாஸரும் சத்தம் போடுகிறது என்று இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பெரிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று சொன்னார். அப்போது கோடைக்காலம்! இதையெல்லாம் கேட்டு ஆமாம் சாமி போட்டுக்கொண்டிருந்தவள், ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற பெரிய கெட்டிக்காரி. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பிறகு திங்கட்கிழமை நினைவுக்கு வந்ததும், ஆத்திரம் போய் மைக்கின் உதடுதான் கண்முன் நின்றது.

டாக்டர் வந்தார், சாப்பிட்டார், தொப்பியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் காற்று என்பார். இவ்வளவு நாள் நம்பினதைப்போல இன்னொரு தடவை நம்பிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மைக்குக்குப் பழைய இன்ஸ்பெக்டர் ஒருவரை அனுப்பிவைத்தாள்.

ஞாயிறு காலை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குளத்தின் மேல் பனி இன்னும் கலையவில்லை. இன்ஸ்பெக்டர் பணிக்கு வரவில்லை. வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் வருவார். கரையோரக் கோரை ஒன்றில் டாக்டர் வேறொன்றைக் கண்டுபிடித்து, விரலை உதட்டில் வைத்து அவளைக் கூப்பிட்டார்.

தண்ணீருக்கடியில் வளர்ந்த புழு ஒன்று கோரைமேல் ஏறி வந்து, முதுகுத் தோலைப் பிளந்து, தட்டானாக வெளியே வந்திருந்தது. பழைய தோல் கோரையைக் கவ்வியபடியே இருந்தது. அதன்மேல் புதுசு தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் இன்னும் வரவில்லை, வெளிறிப்போய் இருந்தது. சிறகுகள் ஈரத்தில் பளபளத்தன. இந்த நேரத்தில் விரல் பட்டாலே சிறகு கோணிக்கொள்ளும், அப்புறம் அதற்குப் பறக்கிற வாழ்க்கையே இல்லை. இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல்முறை பார்ப்பதுபோலவே நிற்பாள்.

டாக்டர் ஈரத்தரையில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து கேமராவைத் தூக்கினார். கிளிக், கிளிக். அவள் இந்தத் தடவை தட்டானைப் பார்க்கவில்லை, அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கேமராவின் வார் மட்டும், காற்றே இல்லாத அந்தக் காலையில், லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, காத்து அடிக்குதா?"

"இல்லையே. ஒரு இலைகூட அசையல. ஏன்?"

"தட்டான் ஆடுதா?"

"இப்பதான் பொறந்திருக்கு. சிறகு காயுற வரைக்கும் அசையாது. இதைவிட நல்ல சான்ஸ் கிடைக்காது."

"கேமராவைக் கொடுங்க."

"இங்க பார்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே?"

"நான்தான். இன்னிக்கு நானே மீறுறேன். கொடுங்க."

அவர் கொடுத்தார். கொடுக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. அவள் திரையில் தட்டானின் கண்ணைப் பெரிதாக்கி, கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதுபோல் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது தெளிவா இருக்கா?"

அவர் பார்வை திரையிலிருந்து கோரைக்குப் போய் மீண்டது. அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள்.

"இப்போ?"

"லென்ஸ்ல ஏதாவது…"

"லென்ஸ் நல்லா இருக்கு. நேத்து சோதிச்சிட்டேன். குப்பையில போட்டதையெல்லாம் திறந்து பார்த்தேன். கம்பியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. அது இரும்புக் கம்பிங்க. அது ஆடாது."

டாக்டர் எழுந்து மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கு எழும்பிப் போனது.

"எப்போலேர்ந்து?" என்றாள் அவள்.

"கோடைக்கு முன்னாடியிருந்து. முதல்ல தூக்கம் சரியில்லைன்னு நினைச்சேன். அப்பாவுக்கும் இருந்துச்சு. அவருக்கு வயசான பிறகுதான் வந்துச்சு. எனக்கு அவசரம்போல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வாராவாரம் படம் உன் கையிலதானே வருது, நீயே கண்டுபிடிச்சுக் கேட்பேன்னு நினைச்சேன். நீ பார்க்காமலே தூக்கிப் போட்ட. அது எனக்கும் வசதியா இருந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபப்பட வாயெடுத்தவள், கோபப்பட முடியாமல் நின்றாள். அவர் சொன்னது சரிதானே! எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷன் தன் நடுக்கத்தைப் படம் பிடித்துப் பிடித்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். மங்கல் என்று சொல்லி அவள் தட்டிவிட்டிருக்கிறாள். ஆனால் இப்போது அழுது தீர்க்க நேரமில்லை.

"நாளைக்கு மைக் வர்றான்," என்றாள்.

"தெரியும்."

"அவன் உதடு…"

"வாய்க்குள்ள வேறம்மா." அவர் குரலில் திடீரென்று ஒரு வேகம் வந்தது. "அங்க கையை அந்தரத்துல பிடிக்கமாட்டோம். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லுல ஊன்றிக்குவோம். படிக்கும்போதே முதல்ல சொல்லிக்கொடுக்கிறது அதுதான். ஊன்றிட்டா கை கல்லாட்டம் நிக்கும். இங்க ஊன்ற இடமில்ல, அதான் ஆடுது. இந்த மாசம்கூட எத்தனையோ பல்லு எடுத்திருக்கேன். ஒரு குறை இல்ல."

அவள் நம்பத்தான் ஆசைப்பட்டாள். அவர் சொல்வது பொய்யில்லை, ஊன்றினால் நிற்கும் என்பதும் நியாயமாகத்தான் இருந்தது. இது உண்மையாக மட்டும் இருந்துவிட்டால் நாளைக்கு எல்லாம் நல்லபடியாக முடியும், வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். அவள் கேமராவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். கோரைக்கு முன்னால், தட்டானுக்கும் அவருக்கும் நடுவில், கொஞ்சம் ஒதுங்கி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்போ ஊன்றுங்க. என் தோள்மேல."

"எதுக்கு?"

"ஊன்றினா நிக்கும்னீங்களே. நிக்குதான்னு பார்ப்போம்."

பின்னால் பூட்ஸ் சேற்றில் அழுந்துகிற சத்தம் கேட்டது. லென்ஸ் அவள் வலது தோளில் வந்து உட்கார்ந்தது. கனமாக இருந்தது. அதற்குக் கீழே அவருடைய மோதிர விரல் அவள் தோள் எலும்பில் பதிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. அவள் மனம் அப்படியே துள்ளிவிட்டது. பிறகு வந்தது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தாளம் போடுகிற மாதிரி, சின்னதாக, விடாமல், அவர் விரலிலிருந்து அவள் எலும்புக்குள் இறங்கியது. கிளிக். அவர் விரலை இன்னும் அழுத்தினார். அழுத்தியதும் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. கிளிக். இன்னொரு கிளிக். அப்புறம் கிளிக் இல்லை. லென்ஸ் மட்டும் அவள் தோளிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, அவள் நகரவும் இல்லை. இருவரும் அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"பார்க்க வேண்டாம்," என்றார் அவர் கடைசியில். "தெரிஞ்சுபோச்சு."

அவள் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. இவருக்கு இருபத்து நாலு மணி நேரமும் வேலை வேலை என்று இருந்தே பழக்கம். கை போனால் என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்கிற இடம் இதுவல்ல என்று விட்டுவிட்டாள்.

கோரையில் புதுத்தட்டானுக்குச் சிறகு காய்ந்துவிட்டது. மூடியிருந்த சிறகுகளைப் பட்டென்று விரித்தது. விரித்த சிறகுகள் படபடவென்று நடுங்க ஆரம்பித்தன. முதல்முறை பறப்பதற்கு முன்னால் அது உடம்பைச் சூடேற்றிக்கொள்கிற விதம் அதுதான்.

"அது நடுங்கினா பறக்கப் போகுதுன்னு அர்த்தம்," என்றார் டாக்டர். "நான் நடுங்கினா?"

"நீங்க நடுங்கினா வீட்டுக்குப் போகப் போறோம்னு அர்த்தம். எழுந்திருங்க, பூட்ஸெல்லாம் சேறு."

அவர் சிரித்துவிட்டார். தட்டான் கோரையை விட்டு எழும்பி, தடுமாறி, தொட்டிச் சுவருக்கு மேலே போய் மறைந்தது. அவர்கள் அதைப் படமெடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று அவர் போனை எடுத்தார். முதலில் பெரிய மருத்துவமனையில் தாடை அறுவை செய்கிற டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "என் கை நடுங்குது டாக்டர். என் மச்சினனுக்குப் பல்லு ஒண்ணு நரம்புமேல படுத்திருக்கு. நான் எடுக்கக் கூடாது. நீங்க எடுக்கணும்," என்றார். பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்த அவள் குழாயை நிறுத்தினாள். தன்னிடம்கூட அவர் இவ்வளவு நேராகச் சொல்லவில்லையே என்று வருத்தமும், சொல்லிவிட்டாரே என்று பெருமையும் சேர்ந்துகொண்டு, அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்தது மைக். அவன் குதித்த குதி போனுக்கு வெளியே கேட்டது.

"அதெல்லாம் முடியாது மாமா! யாரோ ஒரு டாக்டரம்மா முன்னாடி நான் ஏன் வாயைத் திறக்கணும்? வலியோடவே இருந்துட்டுப் போறேன்."

"அவங்க தினம் இதேதான் செய்றாங்கடா. இந்தப் பல்லுக்கு என்னைவிட அவங்க கை நல்ல கை."

"உங்களைவிட நல்ல கை எங்க இருக்கு? எனக்கு பயமா இருக்கு மாமா."

டாக்டர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நான் பக்கத்திலேயே நிக்கிறேன். உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பல்லு வெளிய வர்ற வரைக்கும் விடமாட்டேன். போதுமா?"

போதும் என்று மைக் சொல்வதற்கு வெகுநேரம் பிடித்தது.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தோள்மேல் வைத்து எடுத்த படங்களும் இருந்தன. வைத்துக்கொள்ளலாமா என்று அவளுக்குக் கை தயங்கியது. டாக்டர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"மங்கல்," என்றார். "சட்டம்னா சட்டம்தான். தூக்கிப் போடு."

அவள் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் அவள் வெளியே நீலநிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மைக் உள்ளே போனபோது அவன் போன் திரையில் இன்ஸ்பெக்டர் வாலைத் தூக்கிக்கொண்டிருந்தார். டாக்டர், கிளினிக் வெள்ளைக் கோட்டுப் போடாமல், சாதாரணச் சட்டையில், கூட வந்த உறவுக்காரர்போல அவன் பின்னாலேயே போனார். கதவு மூடிக்கொண்டது. அவள் எதிர்ச் சுவரில் இருந்த பெரிய எழுத்து விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். என்ன படித்தோம் என்று ஒன்றும் பதியவில்லை. கதவு திறந்து, ஒரு பக்கம் பஞ்சை அடக்கிக்கொண்டு மைக் வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபோதுதான் அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பின்னால் வந்த டாக்டரம்மா, "நரம்பு பக்கமே போகல. மரத்துப்போற ஊசியோட வேகம் இறங்கினதும் உதடு பழையபடி ஆயிடும்," என்றார்.

மைக்கை அவர்கள் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். மதியம் முழுக்கத் தூங்கினான். வெயில் தாழ எழுந்து வந்து, கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்தான், விரித்தான், கிள்ளிப் பார்த்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றான். பஞ்சை மீறிக்கொண்டு வெண்ணெய்க் குரல் அப்படியே வந்தது. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் மூன்று டம்ளர் தேநீர் வைத்தாள், மைக்குக்கு மட்டும் நன்றாக ஆறவைத்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றான் மைக், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "பல்லு பிடுங்கினதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார் பாரு, அவர் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா? கிடுகிடுன்னு! எனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதேன்னு மனுஷன் அப்படிப் பயந்திருக்கார். எத்தனை பல்லு பிடுங்கினவரு! எனக்குன்னதும் கை நடுங்குது. அப்பா இருந்திருந்தாகூட எனக்காக இப்படிப் பயந்திருக்க மாட்டார்." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன் மாமா."

அவள் டாக்டரைப் பார்த்தாள். அப்படியே விட்டுவிடுங்களேன் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. அவன் அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? டாக்டர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"பயமும்தான்டா," என்றார். "பாசமும்தான். அதை இல்லேன்னு சொல்லமாட்டேன்."

பிறகு இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலது கையால் மட்டும் டம்ளரைத் தூக்கி, மேஜைக்கு நடுவில், அவன் நன்றாகப் பார்க்கும்படி பிடித்தார். தேநீர் டம்ளருக்குள் அலையடித்தது. விளிம்பைத் தாண்டி விரலில் வழிந்து, மேஜைவிரிப்பில் சொட்டியது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

மைக் அந்தக் கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். கடைசி நேரத்தில் டாக்டர் மாறியதும், அவங்க கைதான் நல்ல கை என்று மாமா சொன்னதும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து விளங்குவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உதடு நன்றாகத்தான் அசைந்தது. ஊருக்கெல்லாம் அறிவிக்கிறவனுக்கு அன்றைக்குப் பேச்சுதான் வரவில்லை. எழுந்து வந்து, தன் இரண்டு கையையும் அந்த டம்ளருக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.